பொருள்: அமெரிக்க அதிபரின் ஆணைக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மதுரை ஆசிரியை:
அன்புடையீர், இளங்கலை அரசியல் அறிவியல் பாடநூலில் அமெரிக்க அதிபர் பற்றிய இயல் என் பங்கு. 'எக்ஸிகியூட்டிவ் ஆர்டர்' என்பதற்கு முந்தைய பதிப்பில் 'அவசரச் சட்டம்' என்று போட்டிருக்கிறார்கள். வகுப்பில் ஒரு மாணவி, "அப்படியானால் காங்கிரஸ் கூடிய ஆறு வாரத்தில் அது காலாவதியாகிவிடுமா, அம்மா?" என்றாள். அவசரச் சட்டம் பற்றிய நம் அரசியலமைப்பின் 123ஆம் பிரிவை ஒழுங்காகப் படித்த பிள்ளை. ராணுவத்தில் இனப்பாகுபாட்டை ஒழிக்க 1948இல் ட்ரூமன் பிறப்பித்த 9981ஆம் ஆணை எந்த அவையின் ஒப்புதலுக்கும் காத்திருக்கவில்லையே! ஒரு சொல் தாருங்கள்.

செய்தி மேசையிலிருந்து:
'நிர்வாக உத்தரவு' என்றுதான் தினமும் எழுதுகிறோம். வாசகருக்குப் புரிகிறது. இதில் என்ன ஆராய்ச்சி?

தனித்தமிழ் அன்பர்:
இரண்டு சொல், இரண்டும் வடசொல்! 'செயலாணை' என்க. 'ஆள்' என்னும் வேரில் பிறந்தது ஆணை.

கல்வெட்டு ஐயா:
வடமொழி ஆக்ஞையே பிராகிருதத்தில் 'ஆணா' ஆகி நம்மிடம் ஆணையாயிற்று என்போரும் உண்டு. பல்லவர் செப்பேடுகளில் வரும் 'ஆணத்தி'யை (ஆணையை நிறைவேற்றும் அதிகாரி) பாருங்கள். அது கிடக்கட்டும். சோழ மன்னன் திருவாய் மலர்ந்ததை ஓலையில் எழுதவே 'திருமந்திர ஓலை' என்றோர் அதிகாரி இருந்தான். 'கோனேரின்மை கொண்டான்' என்று தலைப்பிட்டு ஆணை ஊருக்குப் போகும். அதற்குத் 'திருமுகம்' என்று பெயர். அழகான சொல் சும்மா கிடக்கிறது.

மதுரை ஆசிரியை:
வெள்ளை மாளிகையிலிருந்து திருமுகம் வந்தது என்றால் கல்யாணப் பத்திரிகை என்பார்கள், ஐயா.

யாழ்ப்பாணத்திலிருந்து:
1978 அரசியல் யாப்புக்குப் பிறகு எங்களுக்கு 'நிறைவேற்று அதிகாரம்' பழகிய சொல். 'நிறைவேற்று ஆணை' எனலாமே. 'டைரக்டிவ்' என்பதற்குப் 'பணிப்புரை' ஏற்கெனவே உண்டு.

செய்தி மேசையிலிருந்து:
நிறைவேற்றாத ஆணைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ஓய்வுபெற்ற தலைமைச் செயலகத்தார்:
யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள், சொல் தானே வரும். 1952 ஏப்ரலில் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்த ட்ரூமன் பிறப்பித்த 10340ஆம் ஆணை, ஆலை முதலாளிக்கு எழுதப்பட்டதன்று. வணிகத்துறைச் செயலர் சாயருக்கு. (ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைச் செல்லாததாக்கிவிட்டது.) மேலிருப்பவர் கீழிருக்கும் அதிகாரிக்கு இடும் எழுத்து, நம் அரசாணையும் அதுதானே? ஒரே வேறுபாடு: இங்கே 'ஆளுநரின் ஆணைப்படி' என்று போட்டுச் செயலாளர் கையெழுத்திடுவார், அங்கே அதிபரே இடுகிறார். அதிபரின் 'மெமோராண்டம்' குறிப்பாணை. கருக்கலைப்புக்குத் துணைபோகும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு நிதி தரலாமா என்பதை 1993இல் கிளிண்டனும் 2001இல் புஷ்ஷும் 2009இல் ஒபாமாவும் மாற்றி மாற்றி எழுதியது குறிப்பாணையில்தான். 1863இல் லிங்கன் அடிமைகளை விடுவித்தது பிரகடனம். மூன்றையும் குழப்பாதீர்கள்.

செய்தி மேசையிலிருந்து:
குறிப்பாணை என்றதும் என் தந்தைக்கு அரசுப் பணியில் வந்த 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணைதான் நினைவுக்கு வருகிறது. ஒபாமா யார்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்?

தனித்தமிழ் அன்பர்:
பிரகடனமா! 'சாற்றுகை' இருக்க?

மதுரை ஆசிரியை:
'அரசாணை' எனக்கும் பிடித்தது. ஆனால் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். எண்ணும் துறையும் கேட்கிறார்கள். 1942இல் ரூஸ்வெல்ட் இட்ட 9066ஆம் ஆணையில் 'ஜப்பானியர்' என்ற சொல்லே கிடையாது; ராணுவப் பகுதிகளிலிருந்து எவரையும் விலக்கலாம் என்று போர்ச் செயலருக்கு அதிகாரம் தந்ததோடு சரி. அதை வைத்தே ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். இதை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடுகிறது. சொல்லையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. 'நிர்வாக ஆணை', 'குறிப்பாணை', 'பிரகடனம்' என்று அனுப்புகிறேன். நால்வர் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள்.

தனித்தமிழ் அன்பர்:
என் மறுப்பைப் பதிவு செய்க. செயலாணை.

கல்வெட்டு ஐயா:
'நிர்வாக ஆணை' என்று பிரித்தா, 'நிர்வாகவாணை' என்று சேர்த்தா?