‘நேற்று அனுப்பினேன்’ என்பதற்கு ‘ஹேவ்’ போட்டாலும் தப்பு, ‘ஹேட்’ போட்டாலும் தப்பா?

சாம்பிள்ரூம்:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்து பையர் ஒருவரோடு தினமும் பத்துப் பதினைந்து மெயில் போகும், வரும். பேச்சில் தடுமாறினாலும் எழுத்தில் சமாளித்துவிடுவேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மேனேஜர் என் மெயிலில் ஒரு வரியைக் காட்டித் தப்பு என்றார். “ஐ ஹேவ் சென்ட் த சாம்பிள்ஸ் எஸ்டர்டே.” ஏன் என்று கேட்டால், “எஸ்டர்டே வந்தா ஹேவ் வராது, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு டையிங் யூனிட்டுக்குக் கிளம்பிவிட்டார். சரி, ஹேவ் நிகழ்காலம், நேற்று இறந்தகாலம், அப்படியானால் ஹேட் போட்டால் பொருந்திவிடும் என்று நானே முடிவு கட்டினேன். அன்றிலிருந்து எல்லாம் ஹேட்தான். மெயிலில் அடிக்கோடும் எதுவும் விழவில்லை.

இந்தப் புதன்கிழமை மாட்டிக்கொண்டேன். “வீ ஹேட் சென்ட் த பி.பி. சாம்பிள்ஸ் ஆன் மண்டே” என்று எழுதினேன் (பி.பி. என்றால் ப்ரீ-ப்ரொடக்ஷன், மொத்தத் தயாரிப்புக்கு முன்னால் அனுப்பும் மாதிரி). அரை மணி நேரத்தில் அந்த பையர் அம்மாவிடமிருந்து பதில். பார்சல் திரும்பி வந்துவிட்டதா, கூரியரில் என்ன பிரச்சினை, மறுபடி எப்போது அனுப்புவீர்கள் என்று மூன்று கேள்வி. பார்சல் அதுபாட்டுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது! நான் எழுதியதில் திரும்பி வந்தது என்கிற அர்த்தம் எங்கே இருக்கிறது?

தாளடி:

ஹேவும் வேண்டாம், ஹேட்டும் வேண்டாம். “வீ சென்ட் த சாம்பிள்ஸ் ஆன் மண்டே.” முடிந்தது.

சாம்பிள்ரூம்:

நன்றிங்க. ஆனால் வெறும் ‘சென்ட்’ மொட்டையாகத் தெரிகிறதே. தந்தி அடித்த மாதிரி. பையருக்கு எழுதும்போது கொஞ்சம் மரியாதை வேண்டாமா?

பழைய வாத்தியார்:

தம்பி, அந்த ‘மொட்டை’ என்கிற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. 32 வருடம் ஆங்கிலப் பாடம் எடுத்தவன் நான். ஹேவ் என்றால் ‘இருக்கிறேன்’, ஹேட் என்றால் ‘இருந்தேன்’ என்று போர்டில் எழுதிப்போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தமிழில் “நேற்றே அனுப்பியிருக்கிறேன், பாருங்க” என்று தாராளமாகச் சொல்கிறோம். ‘நேற்று’, ‘இருக்கிறேன்’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் உட்காரும். ஆங்கிலத்தில் உட்காராது. அங்கே ஹேவ் போட்டுவிட்டால், நடந்து முடிந்ததை இன்றைய நிலையிலிருந்து பார்க்கிறோம் என்று அர்த்தம். “ஐ ஹேவ் சென்ட் த சாம்பிள்ஸ்” என்றால் வேலை முடிந்தது, சாம்பிள் இப்போது என் கையில் இல்லை. பேச்சு முழுக்க இப்போதைய நிலவரம். எப்போது அனுப்பினாய் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. நேற்று, திங்கட்கிழமை, போன வாரம், இரண்டு நாள் முன்னால், 2021இல் என்று முடிந்துபோன நேரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் பார்வை அந்த நாளுக்குப் போய்விடும். அப்போது சென்ட்தான். கேள்வியிலும் இதே கதை. “வென் ஹேவ் யூ டிஸ்பாட்ச்ட்?” என்று நம் ஆட்கள் எழுதுவார்கள். ‘வென்’ கேட்பதே நாளைத்தான், ஆகவே “வென் டிட் யூ டிஸ்பாட்ச்?”

ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட இதில் தெரியும். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார், 1921இல் மறைந்தார். “பாரதியார் ஹேஸ் லிவ்ட் இன் பாண்டிச்சேரி ஃபார் டென் இயர்ஸ்” என்று ஒரு மாணவன் எழுதினால், அவர் இன்னும் அங்கே ஏதோ ஒரு தெருவில் குடியிருக்கிறார் போலத் தோன்றும். ‘லிவ்ட்’ போதும். அதே பாரதியார் இன்றைய கவிஞர்களைப் பாதித்திருக்கிறார் என்று சொல்ல ‘ஹேஸ் இன்ஃப்ளூயன்ஸ்ட்’ சரிதான், ஏனென்றால் பாதிப்பு இன்னும் இருக்கிறது.

இனி உங்கள் ஹேட். “நேத்து உங்களுக்கு போன் பண்ணியிருந்தேனே” என்கிறோம் இல்லையா? அந்த ‘இருந்தேனே’ ஒரு நயம். நீங்கள் எடுக்கவில்லை என்பதை முகத்தில் அடிக்காமல் நினைவுபடுத்துவது. அந்த நயத்தை அப்படியே தூக்கி “ஐ ஹேட் கால்ட் யூ எஸ்டர்டே” என்று எழுதுகிறோம். நீங்கள் கேட்ட மரியாதை தமிழில் அங்கே இருக்கிறது, ஆங்கில ஹேட்டில் இல்லை. ஹேட் என்றால், கடந்துபோன வேறொரு சம்பவத்துக்கும் முன்னால் நடந்தது. அந்த வேறொரு சம்பவம் எங்கே என்று படிப்பவர் தேடுவார். நீங்கள் எதையும் சொல்லவில்லை. அந்த அம்மா தானாக ஒன்றை வைத்து நிரப்பிக்கொண்டார்: அனுப்பியிருந்தோம், அப்புறம் ஏதோ ஆகிவிட்டது. அவர்மேல் தப்பில்லை.

ஹாரோ பக்கம்:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லண்டனில் 14 வருடமாக அலுவலக மெயில் படித்துப் பிழைக்கிறேன். இங்கே “ஐ ஹேட் ஹோப்ட் டு சீ இட் பை ஃப்ரைடே” என்று ஒருவர் எழுதினால், வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்று நம்பினேன், நீ கைவிட்டுவிட்டாய் என்று அர்த்தம். பார்க்கத்தான் பணிவு, உள்ளே ஊசி. ஹேட் பார்த்ததும் உங்கள் பையர் பதறியதில் ஆச்சரியமில்லை.

நான் இங்கே வந்த புதிதில் கற்றுக்கொண்ட வழக்கம் ஒன்று. செய்தியை ஹேவ் வைத்துச் சொல்லு, விவரத்தைச் சாதாரண இறந்தகாலத்தில் சொல்லு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் திணிக்காதே. “வீ ஹேவ் சென்ட் த பி.பி. சாம்பிள்ஸ். த பார்சல் லெஃப்ட் ஹியர் ஆன் மண்டே ஈவினிங்.” முதல் வரி செய்தி, இரண்டாவது வரி நாள், கிழமை. ஆங்கிலச் செய்தித்தாளில் முதல் பத்தியைப் பாருங்கள், அமைச்சர் ‘ஹேஸ் ரிசைன்ட்’ என்று தொடங்கும். அடுத்த பத்தியிலேயே ‘ஹீ டோல்ட்’, ‘ஹீ செட்’ என்று இறங்கிவிடும். உங்களுக்கு மொட்டையாகவும் தெரியாது.

நெக்கார் கரை:

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இங்கே “இஹ் ஹாபெ கெஸ்டர்ன் ஐன் பாகேட் கெஷிக்ட்” என்பது அன்றாடப் பேச்சு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நான் ஹேவ் நேற்று ஒரு பார்சல் அனுப்பு’. யாரும் முகம் சுளிப்பதில்லை. பிரெஞ்சிலும் இந்த மாதிரி வாக்கியம் நேற்றோடு சேர்ந்து வரும். ஆகவே கோணல் நம்மிடம் மட்டும் இல்லை, ஆங்கிலம்தான் இதில் பிடிவாதக்காரன்.

கறார்_இல்லை:

இதெல்லாம் தேவையா? இந்தியாவில் கோடிக்கணக்கான மெயிலில் ‘ஹேவ் சென்ட் எஸ்டர்டே’ ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் புரிகிறது. வெள்ளைக்காரனுக்கு ஏன் இவ்வளவு பயம்?

பழைய வாத்தியார்:

பயம் இல்லை ஐயா. ‘ஹேவ் எஸ்டர்டே’ பற்றி உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். அது காதில் உறுத்தும், அர்த்தம் கெடாது. ஹேட் அப்படியில்லை, அர்த்தத்தையே மாற்றிவிட்டது, அந்தத் தம்பிக்கு ஒரு புதன்கிழமை வீணாகிவிட்டது. இரண்டில் ஒன்றைத்தான் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் ஹேட்டைத் திருத்துங்கள் என்பேன்.

தாளடி:

ஹேட்டை ஒரேயடியாக ஒதுக்கியும் விடாதீர்கள், நம் தொழிலில் அது காசு. பையர் கலரை மாற்றச் சொல்லி வியாழக்கிழமை மெயில் போடுகிறார். துணி புதன்கிழமையே டையிங் போய்விட்டது. அப்போது “த ஃபேப்ரிக் ஹேட் ஆல்ரெடி கான் ஃபார் டையிங் வென் யுவர் மெயில் கேம்” என்று எழுத வேண்டும். எது முன்னால், எது பின்னால் என்பது அந்த ஒரு ஹேட்டில் நிற்கிறது. மறு சாயத்துக்கான செலவு யார் தலையில் என்பதும் அதில்தான். நான் ஒருமுறை வெறும் ‘வென்ட்’ போட்டுவிட்டேன். மெயிலைப் பார்த்த பிறகும் துணியை அனுப்பினீர்களா என்று திருப்பிக் கேட்டார்கள்.

சாம்பிள்ரூம்:

அண்ணா, இது எனக்கு நாளைக்கே தேவைப்படும்! இன்னும் இரண்டு சந்தேகம். ‘திஸ் மார்னிங்’ வந்தால் எது? அமெரிக்க பையர் ஒருவர் “டிட் யூ சென்ட் த லேப் டிப்ஸ் யெட்?” என்று (லேப் டிப் என்றால் கலர் ஒப்புதலுக்குச் சாயம் போட்டு அனுப்பும் துணித் துண்டு) கேட்கிறார், அது தப்பில்லையா?

ஹாரோ பக்கம்:

தப்பில்லை. ‘யெட்’, ‘ஆல்ரெடி’ வந்தால் இங்கே பெரும்பாலும் ஹேவ் போடுவோம், அமெரிக்கர்கள் டிட் போட்டும் கேட்பார்கள். “ஐ ஆல்ரெடி சென்ட் இட்” என்று அவருக்கு எழுதலாம். ஆனால் ‘எஸ்டர்டே’வோடு ஹேவ் அங்கேயும் செல்லாது.

‘திஸ் மார்னிங்’கில் காலை இன்னும் முடியவில்லை என்றால் ஹேவ் வரலாம், முடிந்துவிட்டால் சென்ட். அங்கே நீங்கள் மாலை 3 மணிக்கு எழுதும்போது இங்கே கோடையில் காலை 10.30. யாருடைய காலை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், எழுதுகிறவர் காலைதான் கணக்கு. சென்ட் போட்டால் எந்த நேரத்திலும் சரி.

சாம்பிள்ரூம்:

இப்போதுதான் இந்த மெயிலை அனுப்பினேன். “சாரி ஃபார் த கன்ஃப்யூஷன். த சாம்பிள்ஸ் ஹேவ் நாட் கம் பேக். வீ சென்ட் தெம் ஆன் மண்டே அண்ட் தே ரீச்ட் லண்டன் திஸ் மார்னிங். ஐ ஆம் ஹேண்ட்லிங் திஸ் ஆர்டர் சின்ஸ் மார்ச், ஸோ ப்ளீஸ் ரைட் டு மீ டைரக்ட்லி.”

“ஓ, தட்ஸ் எ ரிலீஃப்” என்று பதில் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

பழைய வாத்தியார்:

ஹேவ், சென்ட், ரீச்ட் மூன்றும் அதது இடத்தில் இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் தமிழ் எட்டிப் பார்க்கிறது. மார்ச்சிலிருந்து ‘பார்க்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் ஹேவ் வைத்துத்தான் சொல்லும்: “ஐ ஹேவ் பீன் ஹேண்ட்லிங்.” அவசியமான இடத்தில் ஹேவை விட்டுவிட்டீர்கள், தம்பி.