ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தவரும் ரசிகரா? ஆஸ்திரேலிய டிவி ரேட்டிங் சண்டை

கிளேட்டன் கிழவர்:
காலையில் காபி ஆறுவதற்குள் முந்தைய இரவின் ரேட்டிங்கைப் பார்த்துவிடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். மனைவியிடம் திட்டு வாங்கியும் விடவில்லை. ஆனால் 2024 ஜனவரி கடைசியிலிருந்து அந்தப் பட்டியலைத் திறந்தாலே எரிச்சல். அதற்கு முன் தலைப்பில் நின்றது சராசரி. நிகழ்ச்சி ஓடிய ஒவ்வொரு நிமிடமும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கூட்டி, மொத்த நிமிடங்களால் வகுத்து வரும் எண். இப்போது முதலில் நிற்பது 'ரீச்'. ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும், நீங்களும் ஒரு தலை.

நேற்று கிரிக்கெட்டில் விளம்பரம் வந்ததும் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனேன். சமையல் போட்டியில் ஒரு பெண் வெங்காயம் நறுக்கி முடிக்கும்வரை நின்றேன். அப்புறம் வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சியில் குளியலறை ஓடுகளை ஒரு நிமிடம். எங்கள் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் ரேட்டிங் மீட்டர் இருந்திருந்தால் நான் ஒரே இரவில் மூன்று நிகழ்ச்சிகளின் 'பார்வையாளர்'. இது கணக்கா, கண்கட்டு வித்தையா?

விளம்பரக்காரன்:
ஐயா, டிவி விளம்பர நேரம் வாங்கித் தரும் வேலையில் பதினோரு வருடம் இருந்தவன் நான். அதனால் ஒரு வார்த்தை. சராசரியை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அதே பட்டியலில் அடுத்த பத்தியில் இருக்கிறது. ரீச் என்பதும் புதிதாகக் கண்டுபிடித்த ஏமாற்று இல்லை. பற்பசை விற்பவனுக்குத் தன் விளம்பரம் எத்தனை வெவ்வேறு ஆட்களிடம் போனது என்பதுதான் முதல் கேள்வி. ஒரே ஆள் பத்து முறை பார்ப்பதும் பத்துப் பேர் ஒருமுறை பார்ப்பதும் அவனுக்கு ஒன்றல்ல.

இன்னொன்று: காசு கைமாறுவது செய்தித் தலைப்பில் வரும் எண்ணை வைத்து இல்லை. 25 முதல் 54 வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்றுதான் பார்ப்போம். சமூக வலைத்தளங்கள் சில விநாடிகளையே 'பார்வை' என்று எண்ணும்போது டிவி மட்டும் ஏன் பத்தினி வேஷம் போட வேண்டும்?

கிளேட்டன் கிழவர்:
பக்கத்துக் கடைக்காரன் எடைக்கல்லைத் தேய்த்துவிட்டான் என்பதற்காக நீங்களும் தேய்ப்பீர்களா தம்பி?

நெட்ஃபிளிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இரண்டு நிமிடம் பார்த்தாலே ஒரு பார்வை என்று எண்ணினார்கள். ஊரே சிரித்தது. 2021இல் அதைக் கைவிட்டு, பார்த்த மணிநேரத்துக்கு மாறினார்கள். 2023இலிருந்து அந்த மணிநேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துச் சொல்கிறார்கள். அதாவது நம் பழைய சராசரி இருக்கும் திசைக்கு அவர்கள் நடந்து வந்தார்கள். நாம் அவர்கள் விட்டுவிட்டுப் போன இடத்துக்கு, அதுவும் இரண்டு நிமிடத்தை ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

ஒரு மணிநேர நிகழ்ச்சி. பத்துப் பேர் ஆளுக்கு ஆறு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ரீச் பத்து, சராசரி ஒன்று. எந்த எண்ணை வைத்து 'மக்கள் கொண்டாடிய நிகழ்ச்சி' என்று எழுதுவீர்கள்?

கான்பரா குளிர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்தப் பழைய பட்டியலைப் பற்றி இவ்வளவு உருக வேண்டாம். அதில் தலைப்புக்கு வந்தது சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், அடிலெய்டு, பெர்த் ஆகிய ஐந்து நகரங்களின் எண். நான் இருப்பது நாட்டின் தலைநகரம். பாராளுமன்றம் ஜன்னலில் தெரிகிறது. ரேட்டிங்கில் மட்டும் நாங்கள் 'வட்டாரம்'. நியூகாசிலும் வுலங்காங்கும் அதே கதிதான். 2024 மாற்றத்தில்தான் நாடு முழுவதும் ஒரே எண்ணாகத் தலைப்புக்கு வந்தது, செயலியில் பார்ப்பவர்களையும் சேர்த்து. ரீச்சைத் திட்டுங்கள், ஆனால் இந்தப் பாதியை மறக்காதீர்கள்.

கிளேட்டன் கிழவர்:
அது நியாயம். நாடு முழுவதற்குமான சராசரியைத் தலைப்பில் போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

வென்டி ராசன்:
இரண்டு எண்ணும் தேவைதான் ஐயா, வகுத்துப் பார்த்தால் விளங்கும். 2023 ஆகஸ்ட் 16, மகளிர் கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதி, நம் ஆஸ்திரேலிய அணியான மட்டில்டாஸும் இங்கிலாந்தும். நாங்கள் ஒரு வீட்டில் பன்னிரண்டு பேர், அடுப்பில் கொத்துரொட்டி. சாம் கெர் தூரத்திலிருந்து அடித்த கோல் உள்ளே போனபோது எழும்பிய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. 3-1 என்று தோற்றோம், அது வேறு கதை. செவன் சானலில் அந்த ஆட்டத்தின் சராசரி 71.3 லட்சம், ரீச் 1.115 கோடி. 2001இல் ரேட்டிங் எடுக்கும் ஓஸ்டாம் நிறுவனம் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு அதுவரை இல்லாத கூட்டம் அது.

இப்போது முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கோ. 64 சதவீதம் வரும். அதாவது எட்டிப் பார்த்த ஆள் ஒவ்வொருவரும் சராசரியாக ஆட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பார்த்திருக்கிறார். வந்தவன் போகவில்லை என்று அர்த்தம். ரீச் இல்லாவிட்டால் இது எப்படித் தெரியும்?

விளம்பரக்காரன்:
ராசன் அண்ணா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டீர்கள்.

கிளேட்டன் கிழவர்:
ராசன் சொன்னது எனக்குத்தான் சாதகம். வகுத்தால்தானே உண்மை தெரிகிறது? சானல்களின் செய்திக் குறிப்பில் யாராவது வகுத்துக் காட்டி நீங்கள் பார்த்ததுண்டா? 'இத்தனை லட்சம் ஆஸ்திரேலியர்கள்' என்று பெரிய எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதோடு நிகழ்ச்சி நீளமாக நீளமாக, எட்டிப் பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். அரைமணி நேர நகைச்சுவைத் தொடரையும் நாள் முழுக்க ஓடும் டெஸ்ட் மேட்சையும் ரீச்சில் ஒரே பட்டியலில் நிறுத்துவது, வீட்டு வாசலில் வருவோரையும் சென்ட்ரல் ஸ்டேஷனில் வருவோரையும் ஒப்பிடுவது மாதிரி.

விளம்பரக்காரன்:
சரி, சராசரி மட்டும் என்ன புனிதமா? மாஸ்டர்செஃப் சமையல் போட்டி இங்கே உச்சத்தில் இருந்த நாட்கள் நினைவிருக்கிறதா? 2010 ஜூலையில் பிரதமர் கில்லார்டும் எதிர்க்கட்சித் தலைவர் அபட்டும் மோதிய தேர்தல் விவாதத்தையே அதன் இறுதிச் சுற்றுக்கு வழிவிட்டு ஒரு மணிநேரம் முன்னால் தள்ளினார்கள். பிரதமரே ஒதுங்கிப் போன நிகழ்ச்சி! அந்தக் காலத்திலிருந்தே இறுதிச் சுற்றின் கடைசிச் சில நிமிடங்களை, 'வெற்றியாளர் அறிவிப்பு' என்று தனி நிகழ்ச்சியாகப் பிரித்துப் பதிவு செய்வது டிவி உலகில் சாதாரணம். எல்லோரும் வந்து உட்காரும் நிமிடங்களுக்கு மட்டும் சராசரி எடுத்தால் எண் எகிறத்தானே செய்யும்? எந்த அளவுகோலைக் கொடுத்தாலும் வளைப்பார்கள் ஐயா.

கான்பரா குளிர்:
வளைப்பது பற்றிப் பேசினால் என் தலையாய புகார் இது. டிவி வழிகாட்டியில் 8.40 என்று போட்டிருக்கும் தொடர் 8.40க்குத் தொடங்குவதே இல்லை. ஒரு சானலில் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் கடைசிப் பத்து நிமிடம் என் பதிவில் விழாமல் போய், யார் கொன்றது என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது. ரீச் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். 8.40க்குத் தொடருக்காக வந்து உட்காரும் ஆள், முன்னால் இழுத்தடிக்கும் போட்டி நிகழ்ச்சியின் கடைசி நிமிடங்களை விதியே என்று பார்க்கிறார். அவரும் அந்தப் போட்டியின் ரீச்சில் ஒரு தலை. அடுத்த பந்திக்குக் காத்து நிற்பவனையும் இந்தப் பந்தியில் சாப்பிட்டவனாக எழுதிக்கொள்வது மாதிரி.

விளம்பரக்காரன்:
இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்திலேயே இதற்காகப் பல்லைக் கடிப்போம். வாடிக்கையாளர் தன் விளம்பரம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பார், உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். மற்றபடி ரீச் விஷயத்தில் நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

கிளேட்டன் கிழவர்:
நில்லுங்கள். நான் நாளையிலிருந்து மூன்றாவதாக ஒரு பத்தி என் கையாலேயே போட்டு, சராசரியை ரீச்சால் வகுத்து இங்கே ஒட்டுகிறேன். ராசன் காட்டிய வழி. பாதிக்குக் கீழே இருப்பதற்கெல்லாம் சிவப்பு மை.

வென்டி ராசன்:
போடுங்கோ ஐயா, காலையில் ரயிலில் வாசிக்க நல்லது. அது இருக்கட்டும், இன்றிரவு அந்தப் போட்டி 8.40க்கு முடியும் என்று வழிகாட்டியில் கிடக்கு. முடியுமோ?

கான்பரா குளிர்:
8.53. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.