பாப்பா அழுதா மட்டும் வாய் கோணுது: எங்க அனுபவம்

என் பொண்ணு பொறந்து 3வது நாள்தான் கவனிச்சேன், தூங்கும்போது பால் குடிக்கும்போதெல்லாம் முகம் நல்லா லட்சணமா இருக்கு, அழ ஆரம்பிச்சா மட்டும் வலது பக்கம் உதடு கீழ இழுத்துக்குது, இடது பக்கம் அசையவே இல்ல. அத்தை பார்த்துட்டு கிரகணத்தப்போ வெளிய போனியா, காய் நறுக்குனியான்னு ஆரம்பிச்சுட்டாங்க. பத்து மாசமும் என்னென்ன பண்ணேன்னு ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சு ராத்திரி தூக்கமே இல்ல எனக்கு.

குழந்தை டாக்டர் அவளை அழ விட்டுப் பார்த்தாங்க. கண்ணு ரெண்டும் இறுக்கி மூடுது, நெத்தி சுருங்குது, பால் ஒழுகல, அதனால முகவாதம் இல்லன்னாங்க. கீழ் உதட்டை இழுக்குற குட்டித் தசை ஒரு பக்கம் சரியா வளரலயாம். நாங்க கோணல்னு நெனச்ச வலது பக்கம்தான் ஒழுங்கா வேலை செய்யுது, குறை இருந்தது அசையாத இடது பக்கத்துலன்னு அப்பதான் புரிஞ்சுது.

அதோட விடல, எக்கோ (இதயத்தைப் பார்க்குற ஸ்கேன்) எடுக்கணும்னாங்க. வாய்க்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். 1969லயே கேலர்ங்கற டாக்டர் இப்படி அழும்போது வாய் கோணுற குழந்தைங்களுக்கு இதயக் கோளாறும் சேர்ந்து இருந்ததை எழுதியிருக்காராம், நிறைய பேருக்கு இது மட்டும்தான் இருக்கும், சிலருக்கு 22வது குரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு இல்லாம இருக்கும்னு சொல்லி அந்த ரத்த டெஸ்ட்டும் கால்சியமும் பார்த்தாங்க, ரெண்டும் நார்மல். எக்கோல இதயத்துல 4 மி.மீ. ஓட்டை தெரிஞ்சுது. பொறந்தன்னைக்கு ஸ்டெத் வச்சு பார்த்தப்போ ஓட்டை இருந்தா கேட்குற சத்தமே இல்ல! ரெண்டு வயசுக்குள்ள தானா மூடிருச்சு. இப்போ 3 வயசு, சிரிச்சா ஒண்ணும் தெரியாது, ரொம்ப அழுதா லேசா தெரியும்.

இதைப் படிச்ச இன்னொரு அம்மா எழுதுனது: அக்கா, படிக்கும்போதே கண்ணு கலங்கிருச்சு. எங்க பையனுக்கு இடது காது முன்னாடி சின்ன சதை மொட்டு, வீட்டுல நூல் கட்டுனா விழுந்துரும்னாங்க, நான் விடல. காது டெஸ்ட் முதல் தடவை அந்தப் பக்கம் ஃபெயில், பிஞ்சுக் காதுல அழுக்கு இருக்கும்னு எல்லாரும் சமாதானம் சொன்னாங்க. 2 மாசத்துல தூங்க வச்சு பேரா டெஸ்ட் (சத்தத்துக்கு காது நரம்பும் மூளையும் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்குறது) எடுத்தோம், அந்தக் காது கொஞ்சம் மந்தம்தான். காதுல இப்படி இருந்தா சிலருக்கு கிட்னியிலயும் குறை இருக்கலாம்னு எடுத்த ஸ்கேன்ல பிரச்சனை இல்ல. இப்போ அவன்கிட்ட எல்லாரும் வலது பக்கம் வந்துதான் பேசுறோம்.