முப்பதுக்கு முப்பது மனை போதுமா? தென்சூடான் குடும்பங்கள் பற்றி ஒரு வாக்குவாதம்

வெள்ளாற்றங்கரை:
அகதி என்றாலே கூடாரம், வரிசை, கையில் தட்டு என்று எல்லாரும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். உகாண்டாவைப் பாருங்கள். 2016 ஜூலையில் தென்சூடான் தலைநகர் ஜூபாவில் மறுபடி சண்டை வெடித்ததும் யேய், கஜோகேஜி பக்கத்து ஜனங்கள் எல்லை தாண்டி ஓடி வந்தார்கள். ஆகஸ்டில் உகாண்டாவின் யும்பே மாவட்டத்தில் பிடிபிடி என்ற அகதிக் குடியிருப்பைத் திறந்தார்கள், வருடம் முடிவதற்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஆகிவிட்டது. வேலி கிடையாது. குடும்பத்துக்கு முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் மனை. உகாண்டாவின் 2006 அகதிகள் சட்டப்படி வேலைக்குப் போகலாம், கடை வைக்கலாம், நாட்டுக்குள் எங்கும் போய் வரலாம். இதுதான் மரியாதை. என் வாதம் இதுதான்: நிலத்தையும் உரிமையையும் கொடு, ரேஷனைப் படிப்படியாக நிறுத்து. மறுக்கிறவர்கள் வாருங்கள்.

மானாவாரி மணி:
வந்துவிட்டேன் அண்ணே. முப்பதுக்கு முப்பது என்றால் 900 சதுர மீட்டர், நம்ம ஊர்க் கணக்கில் 22 சென்ட். அதில் குடிசை, அடுப்படி, கக்கூஸ் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் வெள்ளாமை. எங்கள் அப்பா மூன்று ஏக்கர் மானாவாரியை வைத்துக்கொண்டே வருடத்தில் பாதி நாள் கூலிக்குப் போனார். பிடிபிடியில் பல இடங்களில் மண்ணைவிடக் கல் அதிகம். வெண்டை வரும், கீரை வரும், ஏழு பேருக்கு வருடம் முழுக்கச் சோளம் வருமா? தோட்டத்தைக் கொடுத்துவிட்டு அதற்குப் பண்ணை என்று பெயர் வைக்கிறீர்கள்.

வெள்ளாற்றங்கரை:
கூட்டிக் கொடுக்கலாமே?

அருவாக்காரன்:
முதலில் பெயர் விளக்கம்: அருவா என்பது அந்தப் பக்கத்துப் பெரிய ஊர், வெட்டுகிற அருவா இல்லை. அங்கே ஒரு தானியக் கடையில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். கூட்டிக் கொடுக்க நிலம் அரசாங்கத்துடையது இல்லை, அந்த வட்டார மக்கள் பரம்பரையாக ஆளும் நிலம். 1979இல் இடி அமீன் விழுந்த பிறகு அவர்களே சூடானுக்கு ஓடி வருடக்கணக்கில் அகதியாக இருந்தவர்கள், அந்த நன்றிக் கடனில்தான் இடம் விட்டார்கள். ஆனால் விறகுக்கும் கூரைப் புல்லுக்கும் இரண்டு பக்கமும் அதே காட்டுக்குப் போனால் நன்றி எத்தனை நாள் தாங்கும்? உதவியில் 30 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று வைத்ததே அதற்காகத்தான்.

நான் பார்த்ததில் ஓரளவு நிமிர்ந்த குடும்பங்கள் மனையை நம்பியவை இல்லை. பக்கத்து ஊர்க்காரரிடம் குத்தகைக்கு நிலம் பிடித்தவர்கள்தான். அதிலும் ஒரு வம்பு. புதரை வெட்டி, வேரைத் தோண்டி, ஒரு மகசூல் எடுத்ததும் அடுத்த வருடம் நிலத்துக்காரர் ‘எனக்கு வேணும்’ என்பார். எழுத்து கிடையாது, வாய் வார்த்தைதான், யாரிடம் போய் நிற்பது?

வெள்ளாற்றங்கரை:
சரி, நிலம் பற்றாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேஷனை நம்பி உட்கார்ந்தால் அடுத்த தலைமுறையும் உட்காரும். அதுவும் நேர்மையாகவா நடந்தது? 2018இல் எல்லாரையும் கைரேகை வைத்து எண்ணிப் பார்த்தபோது 14 லட்சம் என்ற அகதிக் கணக்கு சுமார் 11 லட்சமாகச் சுருங்கியதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மானாவாரி மணி:
ஏட்டில் கூட்டி எழுதினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஏடு வைத்திருந்தவர்கள், வரிசையில் நின்ற பெண் இல்லை. ‘படிப்படியாக நிறுத்து’ என்கிறீர்களே, அது எப்போதோ நடந்துவிட்டது அண்ணே. 2020இல் ரேஷன் கொடுக்கிற ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 30 சதவீதம் குறைத்தது, 2021 பிப்ரவரியில் முழு ரேஷனில் 60 சதவீதம்தான் கொடுத்தது, 2023இல் குடும்பங்களைத் தரம் பிரித்து ‘நீங்கள் சமாளிப்பீர்கள்’ என்று சிலரை அடியோடு நீக்கியது. 2025 மே மாதம் உகாண்டாவில் பத்து லட்சம் அகதிகளுக்கு உணவே நின்றது. அவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பதற்காகவா? கஜானா காலி என்பதற்காக. பணம் தீர்ந்த அன்றைக்கு வருகிற சுயசார்பு எனக்குப் புரியவில்லை.

மழைக்காகம்:
ஆண்கள் எல்லாரும் நிலத்தை அளந்தே இரண்டு நாள் ஓட்டிவிட்டீர்கள். மண்வெட்டி பிடிக்கப் போவது யார்? உகாண்டாவுக்கு வந்த தென்சூடான் அகதிகளில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். நான் உகாண்டாவில் அட்ஜுமானி மாவட்டத்துப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். அங்கே ஒரு அம்மா, சொந்தப் பிள்ளைகள் மூன்று, இறந்துபோன அக்காவின் பிள்ளைகள் மூன்று. காலையில் தண்ணீர், பிறகு விறகு, வந்தால் கைக்குழந்தை. அவருக்கு அஞ்சு ஏக்கர் கொடுத்தாலும் உழுவதற்கு நாளில் நேரம் இல்லை. பெரிய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால்தான் களை எடுக்க ஆள் கிடைக்கும், நிறுத்தினார். வகுப்பில் நூறு பிள்ளைக்கு மேல், வீட்டில் பேசுவது பாரி மொழியோ ஜூபா அரபியோ, பாடம் ஆங்கிலம், பன்னிரண்டு வயசுப் பையன் இரண்டாம் வகுப்பில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பான். ‘உழைத்து முன்னேறட்டும்’ என்பதை அந்த அம்மாவிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளாற்றங்கரை:
அக்கா, நான் அவர்களைச் சோம்பேறி என்று சொல்லவே இல்லை.

மழைக்காகம்:
சொல்லவில்லை தம்பி. ரேஷனை நிறுத்து என்றீர்கள், அவ்வளவுதான்.

அருவாக்காரன்:
அக்கா சொன்னதோடு ஒன்று. தானியமாகக் கொடுத்த காலத்தில் மக்காச்சோளத்தை அரைக்கக் கூலி வேண்டுமே, மூட்டையில் ஒரு பங்கை விற்றுத்தான் மீதியை அரைப்பார்கள். விற்றது எங்கள் மாதிரிக் கடைக்குத்தான், அடிமாட்டு விலைக்கு. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பணமாகக் கொடுக்க ஆரம்பித்த இடங்களில் அந்தக் கொள்ளை குறைந்தது.

அப்புறம் பெண்கள் நடத்தும் சேமிப்புக் குழு. நம்ம ஏலச்சீட்டு மாதிரி தள்ளு கிடையாது. ஒரு இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம், எல்லாரும் கூடினால்தான் திறக்கும். வருட முடிவில் பங்கு பிரிப்பார்கள். மிலாயா என்று பூ வேலை செய்த படுக்கை விரிப்பு தைக்கிற ஒரு அம்மா அந்தப் பெட்டியில் கடன் வாங்கித்தான் நூல் எடுத்தார். ரேஷனைக் குறைத்த மாதம் பெட்டிக்குப் போட யாரிடமும் காசு இல்லை, கூட்டமே நடக்கவில்லை.

வெள்ளாற்றங்கரை:
இது எனக்குத் தெரியாது. அப்படியானால் முதலில் பணம், அது குறையாமல் இரண்டு மூன்று வருடம் வருமென்ற உத்தரவாதம், அதன் பிறகு நிலம். வரிசையை மாற்றிக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நாள் நிறுத்தத்தான் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

மானாவாரி மணி:
அந்த ஒரு நாளை யார் குறிப்பது என்பதுதானே சண்டையே.

மழைக்காகம்:
அருவாக்காரரே, அந்தக் குத்தகையை ஊர்ப் பெரியவர் முன்னால் மூன்று வருடத்துக்கு எழுதி வாங்கினவர் யாராவது உண்டா? பெண் பெயரில்?

அருவாக்காரன்:
எழுதி வாங்கினவர் இரண்டு பேரைத் தெரியும். இரண்டு பேரும் ஆண்கள்.