கிண்டியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸா, சின்ன தனியார் பல்கலையில் கம்ப்யூட்டர் சயின்ஸா?

ராஜபாளையத்தான்
தம்பிக்காகக் கேட்கிறேன். கவுன்சலிங்கில் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் (செயற்கைக்கோள் படம், வரைபடம் சார்ந்த படிப்பு) தற்காலிக ஒதுக்கீடு வந்திருக்கிறது. அதற்கு முன்பே, தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன ஒரு சின்ன தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 50,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டோம். அங்கே கட்டணம் ஆண்டுக்கு 3.5 லட்சம், விடுதி தனி. தம்பிக்கு கோடிங் என்றால் உயிர். அப்பா அரிசிக் கடை வைத்திருக்கிறார், நான் ஐடிஐ முடித்தவன். வீட்டில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் அவன்தான். உறுதி செய்ய இரண்டு நாள்தான் இருக்கிறது.

பழைய கிண்டிக்காரன்
கிண்டியை விடாதீர்கள். அங்கே மெக்கானிக்கல் படித்தவன் என்ற பாசமும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை. நாங்கள் புரோகிராமிங்கை வகுப்பில் கற்கவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு சிவில் பையன் அறையில் கூடுவோம். ஒருத்தன் தருமபுரி, ஒருத்தன் நாகர்கோவில். எல்லோரும் அவரவர் பள்ளியில் முதலாக வந்தவர்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டால் பின்தங்கிவிடுவோம் என்ற நிலை. அந்தச் சகவாசத்தை எந்தச் சின்னக் கல்லூரியும் பணம் வாங்கிக்கொண்டு தர முடியாது. வளாக நேர்காணலும் எல்லாத் துறைக்கும் ஒரே மையம் வழியாகத்தான் நடக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனிகள் பல, எந்தத் துறை என்று பார்ப்பதில்லை.

சிறுசேரி எழில்
நான் ஆள் எடுக்கும் பக்கம் இருப்பவள். பெரிய சம்பளம் தரும் கம்பெனிகளில் சில, கம்ப்யூட்டர், ஐடி, ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்) தவிர மற்றவர்களை விண்ணப்பிக்கவே விடுவதில்லை. சர்க்யூட் பிராஞ்ச் எனப்படும் இந்த மாதிரித் துறைகளில் இல்லாத பையன் வாசலிலேயே நின்றுவிடுவான்.

அப்புறம் அந்த ராத்திரி அறை. அங்கே தானாகப் போய் உட்காரும் பையனுக்குச் சரி. பேசவே கூச்சப்படுகிறவனைப் பெரிய வளாகத்தில் யார் தேடி வருவார்கள்? என் அக்கா மகன் ஒரு சின்ன தனியார் பல்கலையில் படிக்கிறான். இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பேராசிரியர் அவனைத் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். அவன் எழுதிய பைதான் நிரலை வரிவரியாகத் திருத்தி அனுப்புகிறார். இந்த லூப் எதற்கு, இந்தக் கோப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும், இப்படிப் பக்கத்திலேயே குறிப்பு எழுதியிருந்தார். நான் வேலைக்குப் போன பிறகு கற்றதை அவன் பத்தொன்பது வயதில் கற்கிறான்.

தாமிரபரணி
இருவருமே பணத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான்கு ஆண்டுக் கட்டணம் மட்டும் 14 லட்சம், விடுதி சேர்ந்தால் இன்னும் ஏறும். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். எந்தப் பத்திரத்தை வைப்பீர்கள்? கவுன்சலிங் வழியாகப் போனால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. தனியார் பல்கலையின் நேரடிச் சேர்க்கைக்கு அது கிடையாது. தம்பி அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதி இரண்டையும் அரசே ஏற்கும்.

கட்டிய 50,000 போய்விடுமே என்று முடிவை மாற்றாதீர்கள். 2024-25க்கு யுஜிசி, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொன்னது. இந்த ஆண்டுச் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு மெயிலில் கேளுங்கள், போனில் கேட்காதீர்கள்.

சிறுசேரி எழில்
கடன் விஷயம் நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிண்டிக் கல்லூரியை நடத்தும் அண்ணா பல்கலையின் லட்சணத்தையும் சொல்லுங்கள். 2024 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்ததும் அடுத்தவர் வரவில்லை, ஒருங்கிணைப்புக் குழுவை வைத்து ஓட்டினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் நியமனத்தையும் யார் கவனிப்பது?

பழைய கிண்டிக்காரன்
அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது எங்கள் எல்லோருக்கும் அவமானம். ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த சண்டை மாணவன் தலையில் விடிந்தது. அதில் உங்களோடு சண்டையில்லை.

ஆனால் ஜியோவை இவ்வளவு மட்டமாகப் பேச வேண்டாம். 1794-இல் அந்தக் கல்லூரி தொடங்கியதே சர்வே பள்ளியாகத்தான். 1802-இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்ப்டன் இந்தியாவை அளக்க முதல் கோடு போட்ட பரங்கிமலை அங்கிருந்து கூப்பிடு தூரம். இன்றைக்கு அந்தத் துறையில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எது வயல், எது ஏரி, எது கட்டடம் என்று பிரிப்பது முழுக்க நிரல் வேலை. 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்ற வரைபடமெல்லாம் இந்தப் படிப்புதான். பல்கலைக்கழகம் பெரியது, துறை சின்னது. எழில் கேட்கும் கவனிப்பு அங்கேயும் கிடைக்கும்.

ராஜபாளையத்தான்
தனியார் பல்கலைக்குப் போன் செய்தேன். முதலாண்டுக் கட்டணத்தில் 25 சதவீதம் குறைக்கிறார்களாம். அடுத்த ஆண்டுகளுக்கு மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்வார்களாம்.

சிறுசேரி எழில்
நான்கு ஆண்டுக்கும் எழுத்தில் தராவிட்டால் நானே வேண்டாம் என்பேன். இரண்டாம் ஆண்டில் சலுகையை நிறுத்தினால் பாதியில் வெளியேற முடியாது. பத்திரத்தை அடகு வைத்துப் படிக்கும் பையன் நிம்மதியாகக் கோடிங் எழுத மாட்டான். ஆனால் ஜியோவோடு நின்றுவிடாதீர்கள். சாய்ஸ் பட்டியலில் ஐடியோ ஈசிஇயோ மேலே இருந்தால் ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்’ கொடுங்கள். மேலே உள்ள இடம் காலியானால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிண்டி கையில் இருக்கும். வாய்ப்பு குறைவுதான், நட்டம் எதுவும் இல்லை.

தாமிரபரணி
அதைக் கொடுத்த பிறகு கெடுவுக்குள் உதவி மையத்துக்கு நேரில் போய்க் கட்டணமும் கட்ட வேண்டும். தவறினால் இடம் போய்விடும்.

ராஜபாளையத்தான்
பட்டியலில் ஜியோவுக்கு மேலே கிண்டி ஐடியும் குரோம்பேட்டை எம்ஐடியின் ஐடியும் இருக்கின்றன. இப்போதுதான் அப்வேர்ட் கொடுத்தோம். முன்பணத்துக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பட்டதாரி சான்றிதழ் கையில் இருக்கிறது, மையத்தில் வேறு என்னென்ன அசல் கேட்பார்கள்?