வயலோரக் கதிர்: ஏழையின் உரிமையா, உடையவனின் தயவா?

கேள்விப்பித்தன்: பழைய யூதச் சட்டம் ஏழைகளைத் தாங்கியது என்று ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள் என்பது மிச்சத்தைப் போடுவதுதானே? வயல் யார் பெயரில் இருந்தது என்று பாருங்கள்.

வரப்புமேட்டான்: யூத வேதநூலான லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை படியுங்கள். கட்டளை நிலக்காரனுக்கு: வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே. அதே வேதத்தின் இன்னொரு நூலான உபாகமம், 24ஆம் அதிகாரத்தில் இன்னும் போகிறது. மறந்துபோன அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும். ஓரம் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று பிற்காலத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கணக்கே வைத்தது. ஒருவனைப் பொறுக்கவிட்டு இன்னொருவனைத் தடுத்தால், அந்த நிலக்காரன் ஏழைகளைக் கொள்ளையடிப்பவன் என்கிறது. தயவு காட்டாதவனைக் கொள்ளைக்காரன் என்பார்களா?

கேள்விப்பித்தன்: ஏட்டில் எல்லாம் அழகுதான். கி.மு. 8ஆம் நூற்றாண்டிலேயே ஆமோஸ் தீர்க்கதரிசி, ஒரு ஜோடி செருப்புக்காக ஏழையை விற்கிறார்கள் என்று கத்தினார். அப்புறம் கடன். ஒவ்வொரு ஏழாம் வருஷமும் கடனை விட்டுவிடு என்றது உபாகமம் 15. பிற்காலத்து யூத அறிஞர் ஹில்லேல் என்ன செய்தார்? கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் எழுதிவைத்து, ஏழாம் வருஷம் கழித்தும் வசூலிக்க வழி திறந்தார். யாருக்கு லாபம்?

தெருவிளக்கு: குறுக்கே வருகிறேன். ஏழாம் வருஷம் நெருங்கினால் ஏழைக்கு யாரும் கடன் தரவில்லை, அதனால்தான் ஹில்லேல் அதைக் கொண்டுவந்தார் என்று மிஷ்னாவே சொல்கிறது. விதைக்கே வழியில்லாதவனுக்குத் தள்ளுபடியைவிடக் கடன் கிடைப்பதுதான் முக்கியம். பணக்காரனுக்கும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல சட்டம் யாரை அடிக்கிறது என்று பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். ஏழைகளுக்கான ஊர் நிதியை வசூலிக்க இரண்டு பேர், பங்கிட மூன்று பேர் என்று வைத்ததும் அதே புத்திதான். தனியாளை நம்பவில்லை பாருங்கள்!

கேள்விப்பித்தன்: எல்லாம் சொந்த ஜனத்துக்குத்தானே? வெளியாளிடம் வட்டி வாங்கலாம், கடனை வசூலிக்கலாம்.

வரப்புமேட்டான்: வேதக் கதையில் போவாஸ் என்ற நிலக்காரனின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத், மோவாப் என்ற வேற்று நாட்டுப் பெண் ஐயா. கூட வாழ வந்தவர்களுக்கு வயல் திறந்தே இருந்தது.

கேள்விப்பித்தன்: அதே லேவியராகமம், 25ஆம் அதிகாரத்தில் அந்நிய அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்கிறதே?

வரப்புமேட்டான்: சொல்கிறது. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. நீங்கள் கேட்டது வயலோரம். அங்கே ஏழைக்கு இருந்தது உரிமை.