மர்ஃப் வொர்க்கவுட்: புதிதாய்ச் சேர்ந்தவர்களை இறக்கலாமா?

தண்டால்காரன்
மே மாதக் கடைசித் திங்கள் அமெரிக்காவில் மெமோரியல் டே, போரில் இறந்த படைவீரர்களை நினைவுகூரும் நாள். அன்று அங்குள்ள கிராஸ்ஃபிட் (பலவகை அசைவுகளைக் கலந்து தீவிரமாகச் செய்யும் பயிற்சி முறை) பாக்ஸ்களில், அதாவது அதன் ஜிம்களில், மர்ஃப் என்ற வொர்க்கவுட் நடக்கும். அதைப் பார்த்து நம்மூரிலும் வைக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு: 1.6 கி.மீ. ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 பஸ்கி, மறுபடியும் 1.6 கி.மீ. ஓட்டம். முழுசாகச் செய்பவர் 9 கிலோ வெஸ்ட் (எடை வைத்த மேல்சட்டை) மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும். 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில் உயிரிழந்த அமெரிக்கக் கடற்படையின் சீல் சிறப்புப் படை லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபி வழக்கமாகச் செய்துவந்த பயிற்சி இது. அவர் இதற்கு வைத்திருந்த பெயர் 'பாடி ஆர்மர்'. அதே ஆண்டு ஆகஸ்டில் கிராஸ்ஃபிட் தளம் அவர் பெயரில் இதை வெளியிட்டது.

மரியாதை எல்லாம் சரி. என் வாதம் ஒன்றுதான்: ஆறு மாதம் தொடர்ந்து பயிற்சி எடுக்காதவரை இதில் இறக்கக் கூடாது. ஸ்கேல் பண்ணியும் (அவரவர் திறனுக்கு ஏற்ப இறக்கிக் கொடுத்தும்) கூடாது. மாற்றுக்கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

கெட்டில்பெல்
காரணத்தோடே சொல்றேன். தலைக்கு மேலே பாரம் இல்லை, ஸ்னாட்ச், டெட்லிஃப்ட் மாதிரி பளுதூக்கலும் இல்லை. புதுசா வந்தவருக்குக் கம்பியில் தொங்க வராதா? ரிங் ரோ (தொங்கும் வளையத்தைப் பிடிச்சுச் சாய்ஞ்சு, கால் தரையில் இருக்க இழுக்கிறது) கொடுங்க. தண்டால் வராதா? 50 செ.மீ. பெட்டியில் கை ஊன்றச் சொல்லுங்க. பஸ்கியில் ஆழம் வரலையா? பெட்டியில் உட்கார்ந்து எழட்டும். ஓட்டத்துக்குப் பதிலா ரோயிங் மெஷின். அதுவுமில்லாம மர்ஃப்பை யாரும் நேரே 100, 200, 300-னு செய்யச் சொல்றதில்லை. 5 புல்-அப், 10 தண்டால், 15 பஸ்கி ஒரு ரவுண்டு. அப்படி 20 ரவுண்டு. எந்த வயசுக்காரரும் செய்யக்கூடியதுதான். ஆறு மாசம் ஓரமா உட்கார வச்சா அவர் ரெண்டாவது மாசமே வர்றதை நிறுத்திடுவார்.

தாலிம் தாத்தா
200 தண்டால், 300 பஸ்கிக்கு இவ்வளவு பஞ்சாயத்தா? தாலிம்ல (நம்ம பழைய உடற்பயிற்சிக் கூடம்) காலையில கசரத் எடுக்கிறவனுக்கு இது வார்ம்-அப் தம்பி. வெஸ்ட் எதுக்கு, ரெண்டு கர்லாக்கட்டை போதும்.

தண்டால்காரன்
தாத்தா, தாலிம்ல முதல் நாளே யாரையும் 300 போட வைக்க மாட்டாங்களே. பத்தில் ஆரம்பிச்சு மாசக்கணக்கில் ஏத்துவாங்க. நான் சொல்றதும் அதைத்தான். அப்புறம் இடுப்பைத் தூக்கி, நெஞ்சைத் தரையோடு இழுத்து எழும்புற உங்க தண்டால் வேறே. இங்கே உடம்பைப் பலகை மாதிரி வச்சு நேரே இறங்கணும். அதில் அசராதவர் இதில் 60-க்கு மேலே இடுப்பு தொய்ஞ்சு போறது சகஜம்.

முழங்கால் மருத்துவம்
பிசியோதெரபி பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ரெண்டு பேரும் 'ஸ்கேல்' என்ற ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் பேசுகிறீர்கள். அசைவை எளிதாக்குவது ஒன்று, எண்ணிக்கையைக் குறைப்பது வேறொன்று. கெட்டில்பெல் சொன்னவை எல்லாமே முதல் வகை. சிக்கலே அங்கேதான்.

ராப்டோமயோலிசிஸ் (சுருக்கமாக ராப்டோ) பாரத்தால் வருவதைவிட பழக்கமில்லாத எண்ணிக்கையால் வருவதுதான் இத்தகைய வகுப்புகளில் அதிகம். தசை இழை உடைந்து அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கும். தசையை மிக மோசமாகக் கிழிப்பது நீண்டுகொண்டே தாங்கும் வேலை, அதாவது இறங்கும் பாதி. இப்போது புல்-அப் வராதவருக்கு வழக்கமாக என்ன கொடுக்கிறார்கள்? ஜம்பிங் புல்-அப். காலால் எகிறி மேலே போவது சுலபம், எனவே எண்ணிக்கை ஓடும். இறங்கும்போது முழு உடலையும் கை தாங்கும். ஒரு நிஜ புல்-அப்கூட இல்லாதவர் 100 தடவை தன் முழு எடையை இறக்குகிறார்! நிஜ புல்-அப் செய்பவருக்காவது பத்தோ பதினைந்தோ தாண்டினால் கை விட்டுவிடும். அந்த இயற்கையான தடை இவருக்கு இல்லை. எளிதாக்கியதாக நினைத்து ஆபத்தைக் கூட்டியாயிற்று. ரிங் ரோ இதைவிட நல்லது; ஆனாலும் 30-க்கு மேல் செய்தே இராதவருக்கு 100 என்பது 100தான்.

அறிகுறி தெரிந்திருக்கட்டும். சாதாரண வலி ரெண்டாம் நாள் உச்சத்தில் இருந்து குறையும், கை அசையும். ராப்டோவில் முழங்கை நீட்ட வராது, மேற்கை வீங்கி இறுகும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும். நிறம் மாறினால் அன்றே மருத்துவமனை. ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் (தசை உடைந்தால் கூடும் நொதி) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு படுப்பது மகா தப்பு. அடிவாங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி.

கெட்டில்பெல்
ஜம்பிங் புல்-அப் விஷயத்தில் ஒத்துக்கிறேன், அதை எடுத்துடலாம். ஆனா கிராஸ்ஃபிட் இதை மறைச்ச மாதிரி பேச வேண்டாம். 2005-லேயே அதைத் தொடங்கின கிரெக் கிளாஸ்மன் தங்களோட ஜர்னல்ல ராப்டோ பத்தி எழுதிட்டார்.

தண்டால்காரன்
எழுதினார். கூடவே 'அங்கிள் ராப்டோ' என்று டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் நிற்கும் கோமாளிக் கேலிச்சித்திரமும் சுற்றியது. எச்சரிக்கையையே வீரப் பதக்கமாக மாற்றிவிட்டார்கள். அந்தக் கலாசாரம்தான் எனக்கு உறுத்தல். அதே கிளாஸ்மன் சொல்லிக்கொடுத்த வரிசை என்ன? முதலில் அசைவு சரியாக வரணும், அப்புறம் ஒவ்வொரு முறையும் அப்படியே வரணும், அதற்குப் பிறகுதான் தீவிரம். மர்ஃப் நாளில் இந்த மூன்றில் முதல் ரெண்டும் காணாமல் போகும்.

இன்னொன்று. ஒவ்வொரு பாக்ஸும் ஆண்டுக் கட்டணம் கட்டி கிராஸ்ஃபிட் என்ற பெயரை வாங்கிக்கொள்கிறது. என்ன பயிற்சி கொடுப்பது என்பது அந்தந்த உரிமையாளர் இஷ்டம். கோச்சுக்கான லெவல்-1 சான்றிதழ் ரெண்டு நாள் வகுப்பு. நல்ல கோச்சிடம் மாட்டினால் தப்பித்தீர்கள்.

பனங்கற்கண்டு
யாருமே வெயிலைப் பற்றிப் பேசாதது ஆச்சரியம். மே கடைசி என்பது நமக்குக் கத்திரி முடிகிற சமயம். 2015 கிராஸ்ஃபிட் கேம்ஸில் (அதன் உலகப் போட்டி), கலிபோர்னியாவின் கார்சனில், வெயிலில் வெஸ்டோடு மர்ஃப் வைத்தார்கள். இரண்டு முறை சாம்பியனான ஆனி தோரிஸ்டோட்டிர் வெப்பத்தாக்கால் பாதிக்கப்பட்டுப் போட்டியை விட்டே விலகினார். உலகத்தரத்து உடம்புக்கே அந்தக் கதி. அடுத்த ஆண்டு அதே மர்ஃப்பை 20 புல்-அப், 40 தண்டால், 60 பஸ்கி என்று ஐந்து ரவுண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

"காலை 5.30-க்கே ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லாதீர்கள். கடலோர ஊரில் அந்த நேரம் வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கோவைக்கு அந்தக் கணக்கு சரி. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் பாதிதான் சரி. ஏசி ஹாலில் மட்டும் பழகியவருக்கு வெக்கை பழக 10 முதல் 14 நாள் ஆகும். நிகழ்ச்சிக்கு ரெண்டு வாரம் முன்பே ஓட்டத்தை வெளியே வையுங்கள்.

புதுவரவு
அப்போ தண்ணி நல்லா குடிச்சா போதும்தானே அக்கா? 4 லிட்டர்?

பனங்கற்கண்டு
வெறும் தண்ணீர் 4 லிட்டரா? ஐயோ, வேண்டாம் தம்பி. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைசுற்றல், வாந்தி, மோசமானால் வலிப்பு வரைக்கும் போகும். வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு 1 முதல் 1.5 லிட்டர் வியர்வை போவது சாதாரணம். லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் சோடியமும் அதோடு போகும். அரை டீஸ்பூன் உப்பில் கிட்டத்தட்ட அவ்வளவு சோடியம் இருக்கிறது.

செய்ய வேண்டியது: தொடங்க 2 மணி நேரம் முன்பு 400-500 மி.லி. உப்புப் போட்ட நீர்மோர். நடுவில் தாகத்துக்கு ஏற்ற மாதிரி வாய் வாயாக. முடிந்ததும் எடை பாருங்கள். போன ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றேகால் லிட்டர், உப்போடு, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. 70 கிலோ ஆள் 1.4 கிலோவுக்கு மேல் இழந்திருந்தால் அது 2 சதவீதம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை நடுவில் இன்னும் குடிக்கணும். எடை கூடியிருந்தால் தண்ணீரை அளவு மீறிக் குடித்திருக்கிறீர்கள். கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் உலகச் சுகாதார நிறுவன அளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதே அலமாரியில் பழரசப் பெட்டியும் நிற்கும், ஏமாறாதீர்கள். நீரிழிவு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த உப்புக் கணக்கை டாக்டரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

கெட்டில்பெல்
சாப்பாடு? எங்க ஆளுங்க பாதிப் பேர் 'ஜோன்' சாப்பாடுங்கிற பேரில் இட்லியையே விட்டுட்டாங்க.

பனங்கற்கண்டு
ஜோன் என்பது புரதம், மாவுச்சத்து, கொழுப்பை விகிதம் பார்த்துச் சாப்பிடும் முறை. அதன் கணக்கில் ஒரு பிளாக் (அளவு) என்பது 7 கிராம் புரதம், 9 கிராம் மாவுச்சத்து, கொஞ்சம் கொழுப்பு. ஒரு நடுத்தர இட்லி கிட்டத்தட்ட ஒரு மாவுச்சத்து பிளாக். ஒரு முட்டை கிட்டத்தட்ட ஒரு புரத பிளாக். மூணு இட்லிக்கு மூணு முட்டை வைத்தால் கணக்கு முடிந்தது, இதில் இட்லி என்ன பாவம் செய்தது? நம் தட்டில் கோளாறு மாவுச்சத்து இருப்பதில் இல்லை, பக்கத்தில் புரதம் இல்லாததில். ஆறு இட்லி, ஒரு கரண்டி சாம்பார் என்றால் ஏழெட்டு பிளாக் ஒரு பக்கம், ரெண்டு பிளாக் மறுபக்கம்.

வாரம் நாலைந்து நாள் பயிற்சி எடுப்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 70 கிலோவுக்கு 112 கிராம். மூணு முட்டை 18, வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராம் 45, பால் அரை லிட்டர் 16, வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 150 கிராம் 13. இதுவே 92. மீதி சோறு, பருப்பு, தயிரில் வந்துவிடும். சைவம் என்றால் கோழிக்குப் பதில் பனீர் 100 கிராமும் சோயா உருண்டை காய்ந்த எடையில் 50 கிராமும். ரெண்டும் சேர்ந்து கோழிக்குச் சமம்தான். மர்ஃப் நாளில் மட்டும் இந்த விகிதத்தை எல்லாம் மறந்துவிட்டு முதல் நாள் இரவு நன்றாகச் சோறு சாப்பிடுங்கள். ஒரு மணி நேர வேலைக்குத் தசையில் கிளைக்கோஜன் (சேமித்துவைத்த மாவுச்சத்து) வேண்டும். கீட்டோவில் (மாவுச்சத்தை ஒதுக்கும் உணவுமுறை) இருப்பவர்கள் இரண்டாவது ஓட்டத்தில்தான் தெரிந்துகொள்வார்கள்.

தாலிம் தாத்தா
சோறு சாப்பிடச் சொன்ன ஒரே ஆள். வாழ்க.

கெட்டில்பெல்
சரி, விஷயத்துக்கு வர்றேன். தண்டால்காரன் சொல்ற "ஆறு மாசம் கூடாது" எனக்கு இன்னும் ஒப்பலை. மர்ஃப் நாள்ல 60 வயசு அம்மாவும் 20 வயசுப் பையனும் ஒரே கம்பிக்குக் கீழே நிக்கிறாங்க. கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போறதில்லை, கூட ஓடுறாங்க. சாதா ஜிம்மில் ஹெட்போன் மாட்டிக்கிட்டு வர்றவன் மூணு மாசத்தில் நின்னுடறான். இங்கே நிக்காததுக்குக் காரணமே அந்தக் கூட்டம்தான்.

முழங்கால் மருத்துவம்
அந்தக் கூட்டத்தின் கைத்தட்டலைத்தான் நான் ஆபத்து என்கிறேன். கடைசி ஆள் யார்? அன்றைக்கு அளவு மீறியவர். அவரைச் சுற்றி முப்பது பேர் "இன்னும் பத்துதான்" என்று கத்தும்போது அவரால் நிறுத்த முடியுமா? கோச் நிறுத்தச் சொன்னாலும் கூட்டம் விடாது. வைட்போர்டில் பெயருக்குப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ்' (குறித்தபடி முழுசாகச் செய்தார் என்ற முத்திரை) விழவேண்டும் என்ற ஆசை வேறு. 9 கிலோ வெஸ்ட் 90 கிலோ ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு, 60 கிலோ ஆளுக்கு 15 சதவீதம். ரெண்டு பேருக்கும் ஒரே முத்திரை.

கூட்டம் இருக்கட்டும். கடிகாரத்தை மாற்றுங்கள். 45 நிமிடம் ஆனதும் யார் எந்த ரவுண்டில் இருந்தாலும் கம்பியை விட்டுவிட்டுக் கடைசி ஓட்டத்துக்குப் போகணும், ஓட முடியாதவர் நடக்கட்டும். எல்லோரும் ஒன்றாக முடிப்பார்கள், கைத்தட்டலும் கிடைக்கும், யாரும் நூறைத் துரத்த வேண்டியதில்லை. போர்டில் நேரத்தை எழுதாமல் முடித்த ரவுண்டை மட்டும் எழுதுங்கள்.

கெட்டில்பெல்
இது நல்லா இருக்கே. ஆனா எண்ணிக்கைக்கு என்ன அளவு? 'புதுசு'ன்னா எவ்வளவு?

முழங்கால் மருத்துவம்
நான் வைக்கும் கணக்கு இது: கடந்த ரெண்டு வாரத்தில் ஒரே வகுப்பில் அவர் அதிகபட்சம் எத்தனை இழுத்திருக்கிறார் (புல்-அப்போ ரிங் ரோவோ) என்று நோட்டைப் பாருங்கள். அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் அன்று கொடுக்கக் கூடாது. 20 இழுத்திருந்தால் 30. அதாவது 6 ரவுண்டு. தண்டாலும் பஸ்கியும் தானாகவே 60, 90 ஆகிவிடும். நோட்டே இல்லாதவருக்குக் கால் பங்கு மர்ஃப், 5 ரவுண்டு, ஓட்டம் 400 மீட்டர்.

தண்டால்காரன்
அப்படியானால் என் 'ஆறு மாதம்' தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். மாதக்கணக்கை விட நோட்டுக்கணக்கு சரி. ஆனால் நோட்டுப் பார்க்கும் கோச் எத்தனை பேர் என்பதில் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. ஒரு திருத்தமும் உண்டு: 5-10-15 பிரிவில் முதலில் சாவது தண்டால்தான். 5 தண்டால், 5 புல்-அப், 15 பஸ்கி, மறுபடி 5 தண்டால் என்று பிரித்தால் கூட்டுத்தொகை அதேதான், மார்பு பிழைக்கும். அடுத்த ரவுண்டின் முதல் 5 வந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் நடுவில் பத்து மூச்சு விடணும். முதல் 1.6 கி.மீ.யைப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். அங்கே மிச்சம் பிடித்த ஒரு நிமிடத்துக்குக் கம்பியில் ஐந்து நிமிடம் வட்டி கட்டணும்.

புதுவரவு
வெஸ்ட் வாங்கலாமா அண்ணா?

தண்டால்காரன்
வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு வெல்டிங் பட்டறையில் ஒரு கம்பி அடிச்சு வாங்கு. 1 இன்ச் ஜி.ஐ. பைப்னு கேட்டா வெளிவிட்டம் 33 மி.மீ. சொச்சம் வரும், கை சின்னதா இருந்தா முக்கால் இன்ச், அது 27 மி.மீ. ஆனா நீளம் ஒரு மீட்டர் தாண்டினா முக்கால் இன்ச் வளையும். சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கணும், இல்லேன்னா முட்டி இடிக்கும். பெயின்ட் அடிக்க விடாதே, வியர்வையில் வழுக்கும்.